இந்தப் போத்தலை எங்கே ஊற்றுவது

பாப்பா,

இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் முதலில் எழுதச் சொன்னேன். உங்க அண்ணி சாந்தி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, அது நமக்கே தெரியாதே. எப்படி எழுதுறது?" என்று கேட்டது. சரிதான். அந்த வரியை விட்டுவிட்டோம். நான் கைநாட்டு வைக்கிற ஆள், நான் சொல்லச் சொல்ல அதுதான் எழுதுது. வாசல் பலகையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து, நம்ம வீட்டு வரிசை முடிகிற லயத்துக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்து சொல்கிறேன். "அந்தப் பக்கம் போய்க்கிட்டே சொல்றது எனக்குக் கேக்கல மாமா" என்று அண்ணி சத்தம் போடுது. பிள்ளை வயிறு முன்னுக்கு வந்துவிட்டதால் மேசையில் குனிய முடியாது. மடியில் தலையணையை வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுதுது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இந்த நடை. ஜப்பானுக்குப் போக மாட்டேன், அந்தப் படிப்பே வேண்டாம், பதுளையில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பித்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்றாய். நான் வாயைத் திறக்கும் முன்பே வைத்துவிட்டாய். முனியாண்டி கோயில் பாதை முடக்கில்தான் சிக்னல் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். அங்கே நின்று உங்க அண்ணி திரும்பத் திரும்ப எடுத்தது. மணி அடிக்குது, நீ எடுக்கவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், எனக்கு ஆத்திரம் வரும், அதற்குள் காசு முடிந்துவிடும். தாளில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ வைக்க முடியாது. அதனால்தான் இது.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் எப்படிப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. போன லீவுக்கு நீ வந்திருந்தபோது, அடுப்படியில் உட்கார்ந்து, உன் வேலை என்ன என்று எங்களுக்குச் சொன்னாய். இத்தனை வருஷமாகக் கேம்பஸில் இருக்கிறாய், என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "செடி பத்தி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நீ, அன்றைக்குத்தான் விரித்துச் சொன்னாய். "நம்ம லயத்துல காம்பரா ஒட்டி ஒட்டி இருக்கிற மாதிரி, இலைக்குள்ள அறை அறையா இருக்குப்பா. ஒவ்வொரு அறையும் தண்ணியால நிறைஞ்சிருக்கு. தண்ணி உள்ளேருந்து சுவரைத் தள்ளும். சுவர் விடாமப் பிடிச்சு நிக்கும். அந்தத் தள்ளுமுள்ளுதான் இலையை நிமித்தி வைக்குது."

"நம்ம காம்பரா மாதிரி ஒழுகுமா?" என்று உங்க அம்மா கேட்டாள்.

"ஒழுகுச்சுன்னா வாடிடும்மா."

"அப்ப தோட்டத் துரைகிட்ட சொல்லித் தகரம் மாத்தணும்" என்றாள் அம்மா. நீ சிரித்துச் சிரித்து இருமினாய்.

எனக்கு அது சட்டென்று விளங்கியது. சைக்கிள் டியூபும் டயரும் மாதிரி. டியூபில் காற்று இருந்தால் போதாது, வெளியில் டயர் பிடித்து நிற்க வேண்டும். தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோரில், கொழுந்து வாடப் போடுகிற மேல் மாடியில்தானே என் காலம் போனது. பச்சைக் கொழுந்து வரும்போது விறைப்பாக இருக்கும், அள்ளினால் சரசரவென்று சத்தம் கேட்கும். காற்று அடித்து அடித்துத் தண்ணி இறங்கினால் சத்தம் அடங்கிப்போகும். ஒரு பிடி அள்ளி உருண்டையாக அமுக்கி, கையை விரித்துப் பார்ப்பேன். துள்ளி விரிந்தால் இன்னும் வாட வேண்டும். அமுக்கிய மாதிரியே கிடந்தால் உருட்டுகிற ரோலருக்கு இறக்கலாம். நீ சின்னவளாக இருந்தபோது ஒரு நாள் சாப்பாடு கொண்டு வந்துவிட்டு, அந்த வாடப் போட்ட கொழுந்து மேலேயே ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாய். கொழுந்துக்குள்ளே உன் சட்டை நிறமே தெரியவில்லை. டீமேக்கரய்யா வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது நல்லா வாடியிருக்கே, இதையும் சேர்த்து ரோலர்ல போட்டுடட்டுமா?" என்று கேட்டார். நீ எழுந்து, மூக்கெல்லாம் பச்சை வாசத்தோடு, முறைத்துப் பார்த்துவிட்டுப் போனாய். அந்த முறைப்பை நான் மறக்கவில்லை. பிறகு, தோட்டத்துப் பிள்ளைக்கு ஆர்ட்ஸ் போதும் என்று ஒரு வாத்தியார் சொன்னபோதும் அதே முறைப்புத்தான். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, சயன்ஸ் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தெமோதரையிலிருந்து ரயிலில் போய் வந்தாய். மழையில் நனைந்த பாவாடையோடு வகுப்பில் இருந்ததாக அண்ணன்தான் எனக்குச் சொன்னான், நீ சொல்லவில்லை.

நான் எங்கேயோ போகிறேன். அண்ணி கேட்குது, "மாமா, இதுவும் எழுதணுமா?" என்று. எழுது என்றேன்.

அன்றைக்கு நீ சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது அந்த ஊசி. முடியை விட மெல்லிய ஊசி ஒன்று, உயிரோடு இருக்கிற ஒரே ஒரு அறையின் சுவரை மெல்ல அமுக்கிப் பார்க்குமாம். எவ்வளவு அமுங்குது, எவ்வளவு திருப்பித் தள்ளுது என்று மிஷின் சொல்லுமாம். செத்த இலையை அமுக்கினால் என்ன என்று கேட்டேன். "செத்தா தள்ளாதுப்பா. உயிரோட இருக்கிறதுதான் திருப்பித் தள்ளும்" என்றாய். பிறகு அந்தப் பொடியைச் சொன்னாய். நானோ என்று ஒரு பேர் சொன்னாய். மணலேதான், ஆனால் மணலை எவ்வளவு அரைத்தாலும் அந்த அளவுக்கு வராது, தனியாகச் செய்ய வேண்டும் என்றாய். தண்ணியில் கலந்து வேருக்கு விட்டால் அது செடிக்குள்ளே ஏறி அறைச் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சுவர் விறைக்கும். அப்போது காய்ந்த காற்றுக்கும் இலை சாயாது. ஆனால் கூடிவிட்டால் சுவர் இளகிக் கொடுக்காது, அறை பெருக்காது, செடி வளராது. கரியில் செய்கிற இன்னொரு பொடி இதற்கு நேர்மாறு, சுவரை இளக்கிவிடும் என்றும் சொன்னாய். "எவ்வளவு போட்டா தாங்கும், எவ்வளவு போட்டா வளர்றது நின்னுபோகும், அதுதான்பா என் வேலை."

ஈரத் துணியில் சுற்றி இரண்டு பிடி இலை கொண்டு வந்திருந்தாய். பொடி போட்டது ஒன்று, போடாதது ஒன்று. எது எது என்று சொல்லாமல் என் கையில் கொடுத்தாய். நான் ஸ்டோரில் செய்கிற மாதிரியே அமுக்கினேன், விரித்தேன். திரும்பவும் அமுக்கினேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். "இல்லப்பா, ஊசி வேற சொல்லுது, ஒண்ணு நல்ல விறைப்பு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் பாப்பா, என் கையை வைத்துத்தான் நான் இத்தனை காலம் சோறு சாப்பிட்டேன். எழுத்துத் தெரியாத எனக்கு அதுதான் எழுத்து. அந்தக் கைக்குள்ளேயே ஒன்று இருந்து, அது கைக்குப் பிடிபடாமல் போனது அன்றைக்குத்தான். பெருமையாகவும் இருந்தது, இனி என் கை எதற்கு என்றும் இருந்தது. பெருமையை மட்டும் உனக்குக் காட்டினேன்.

போகும்போது, கேம்பஸில் கண்ணாடி வீட்டுக்குள்ளே காற்று இல்லை, நம்ம மலையில் காய்ந்து அடிக்கிற கச்சான் காற்றில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பின் பக்கம் பொலித்தீன் பைகளில் இருந்த தேயிலைக் கன்றுகளை இரண்டாகப் பிரித்தாய். பாதிக்குச் சிவப்பு நூல், பாதிக்கு வெள்ளை நூல். சிவப்புக்கு, நீ தந்த பொடித் தண்ணிப் போத்தலிலிருந்து ஒரு மூடி எடுத்துத் தண்ணியில் கலந்து ஊற்ற வேண்டும், வெள்ளைக்கு வெறும் தண்ணி. இருமல் மருந்துப் போத்தல் மாதிரிச் சின்னப் போத்தல். வெளிச்சத்தில் பிடித்தால் அரிசி கழுவிய தண்ணி மாதிரி லேசான கலங்கல், அவ்வளவுதான்.

தெமோதரை ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்ற வந்தது நான் மட்டும். அம்மா காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்து மலைக்குப் போய்விட்டாள். பதுளையிலிருந்து வந்த ரயில் நமக்குக் கீழே குகைக்குள் போகிற சத்தம் கேட்டது. அது மலையைச் சுற்றி மேலே ஏறி ஸ்டேஷனுக்கு வருவதற்குள், அந்த இடைவெளியில்தான், நீ என் கையைப் பிடித்துச் சொன்னாய். "அப்பா, அந்தத் தண்ணிய யாருக்கும் குடுக்காதீங்க. அந்த இலைய யாரும் வாயில வைக்கக் கூடாது." ஏன், விஷமா என்றேன். "விஷம்னு சொல்லல. யாரும் இன்னும் பார்க்கலப்பா" என்றாய். ரயில் வந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், பாப்பா நூல் கட்டின செடியைத் தொடாதே, அது சாப்பிடுகிறதற்கு இல்லை என்றேன். அரிசி பொறுக்கிக்கொண்டே, "நான் ஏன் தொடப் போறேன்" என்றாள்.

பிறகு காற்று வந்தது. இந்த முறை எப்படி வந்தது என்றால், கதவை மூடி வைத்தால் கதவே விசில் அடிக்கும். உதடு வெடித்தது. கீழ்ப் பள்ளத்தில் ராமையாவின் லீக்ஸ் மரக்கறிப் பாத்தி பழுத்துச் சாய்ந்தது. வெள்ளை நூல் கன்றெல்லாம் மத்தியானத்துக்குள்ளே தலையைத் தொங்கப் போட்டன. சிவப்பு நூல் அசையவில்லை, பாப்பா. சலாம் போட நிற்கிற சிப்பாய் மாதிரி நின்றன. லயமே வந்து பார்த்தது. ராமையா தினமும் வந்து வேலியில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, எனக்கும் ஒரு மூடி ஊத்துங்க. என் லீக்ஸ் எல்லாம் தண்ணியப் போட்டவன் மாதிரிப் படுத்துக் கிடக்கு" என்பான். "அது நீ போட்ட தண்ணியா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் ஒன்றை நான் கவனித்து வைத்திருந்தேன், உனக்குச் சொல்ல வேண்டும் என்று. சிவப்பு நின்றதே தவிர, வளர்ந்தது குறைவு. காற்று அடங்கித் தூறல் விழுந்ததும் வெள்ளை எழுந்து நீட்டியது. சிவப்பில் கொழுந்து வந்தது, ஆனால் குட்டை. குட்டையாக, அழகாக, ஒரே மட்டமாக வந்தது.

அந்த அழகுதான் வினை. முப்பது வருஷம் கூடை சுமந்தவள் உங்க அம்மா. அவள் விரல் அவள் பேச்சைக் கேட்காது. கல்யாண வீட்டுக்குப் போகும்போதும் பாதையோரச் செடியில் கிள்ளிக்கொண்டே போவாள், பிறகு கையில் இருப்பதைப் பார்த்து, "இது எப்ப வந்துச்சு" என்று கேட்பாள். அன்றைக்குக் குடத்தோடு தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போனவள், சிவப்பு நூல் வரிசையைத் தாண்டிப் போய் வந்திருக்கிறாள். வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கினால் முந்தானை நிறையக் கொழுந்து. நான் வீட்டில் இல்லை, கொஸ்லந்தையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். கிள்ளியது கிள்ளியாயிற்று, பாப்பா செடியில் முதல் கொழுந்து, வீணாக்கக் கூடாது என்று அவள் நினைத்தாள். சாப்பிடத்தானே கூடாது என்றார், தேத்தண்ணி சாப்பாடா என்றும் நினைத்தாளாம். சட்டியில் வதக்கி, கையாலேயே உருட்டி, காய வைத்துத் தேத்தண்ணி போட்டாள். நான் வந்ததும் முதல் கோப்பை எனக்கு. நல்ல வாசம். "எந்தக் கடைத் தூள் இது?" என்று கேட்டேன். "கடையில ஏது, உங்க மக தூள்" என்றாள் வாயெல்லாம் சிரிப்பாக. நான் கோப்பையில் பாதி குடித்திருந்தேன். உங்க அண்ணி முழுதும் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பையும் வாங்கிப் பாதி குடித்திருந்தது.

இதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் முடக்கில் நாங்கள் எப்படி நின்றோம் என்பது உனக்குத் தெரியாது. சாந்திதான் நம்பரை அழுத்திக் கொடுத்தது. கொடுத்துவிட்டு என் தோளோடு ஒட்டி நின்று காதை வைத்துக் கேட்டது. யார் யார் குடித்தது என்று நீ கேட்டாய். எல்லாரும் என்றேன். "அண்ணியுமா?" என்றாய். அண்ணி பக்கத்தில்தான் நிற்குது என்றேன். "ஏதும் ஆகுமா பாப்பா?" என்று கேட்டேன். ஒண்ணும் ஆகாதுப்பா என்று நீ சொல்லுவாய் என்று காத்துக்கொண்டு நின்றேன். அதைச் சொல்ல ஒரு நொடி போதும். நீ சொல்லவில்லை. "தெரியாதுப்பா" என்றாய். திரும்பவும் அதையே சொன்னாய்.

மலையிறங்கி வரும்போது எனக்கு உன் மேல் கோபம். அப்பாவுக்காக ஒரு பொய் சொன்னால் என்ன என்று. பீலிக்கிட்டே வந்ததும் சாந்தி, "மாமா, தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு படிச்சுதா?" என்றது. அது நக்கலா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. இதையும் எழுது என்றால் எழுத மாட்டேன் என்குது. எழுதிவிட்டது.

அதற்கடுத்து கிளினிக் நாள். மிட்வைஃப் அம்மாவிடம் சாந்தி கேட்டது, "மிஸ், நான் ஒரு தேத்தண்ணி குடிச்சுட்டேன், புள்ளைக்கு ஏதும் ஆகுமா?" என்று. அந்த அம்மா சிரித்துவிட்டு, "தோட்டத்துல இருந்துகிட்டு தேத்தண்ணிக்குப் பயமா? ஒண்ணும் ஆகாது, சீனியக் குறை" என்றார்களாம். வயிற்றில் குழலை வைத்துக் கேட்டு, நெஞ்சு நன்றாக அடிக்குது என்றார்களாம். வீட்டில் வந்து அதைச் சொன்னபோது உங்க அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு மட்டும் அந்த "ஒண்ணும் ஆகாது" காதில் குத்தியது. அது எனக்குப் பழகின வார்த்தை.

நீ நான்காம் வகுப்பு படிக்கிற காலம் என்று நினைக்கிறேன், புல்லுக்கு அடிக்கிற மருந்து புதிதாக வந்தது. ஸ்டோரில் வேலை குறைந்தால் எங்களையும் மலைக்கு அனுப்புவார்கள். தொப்பி போட்ட ஒருத்தர் ஜீப்பில் வந்து, லயத்து முன்னால் நின்று, இது செடியைத்தான் கொல்லும், மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது என்று சொன்னார். கையைத் தண்ணிக்குள் விட்டுக் கலக்கியும் காட்டினார். பிறகு ஜீப்புக்குப் போய் சவுக்காரம் போட்டுக் கை கழுவினார், அதையும் நான் பார்த்தேன். நாங்கள் முதுகில் டாங்கியைக் கட்டி வெறுங்காலில் அடித்தோம். என் கூட அடித்த பெரியசாமி அண்ணனுக்கு நகம் கறுத்து, ஒவ்வொன்றாய்க் கழன்றது. அது மருந்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டால் ஒண்ணும் ஆகாது. என் வயசுக்கு இந்தத் தோட்டத்தில் எங்களுக்கு எல்லாரும் கொடுத்தது அந்த ஒரு வார்த்தைதான். தெரியாது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. முதல் முதலாக அதை எனக்குச் சொன்னவள் நீ. கோபம் இறங்கியதும் எனக்கு அது விளங்கியது.

அதனால்தான் நேற்று நீ சொன்னது எனக்குச் செரிக்கவில்லை. நீ போகவில்லை என்றால் உன் பாவம் தீரும் என்று நினைக்கிறாய். உங்க அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மகள் பக்கத்தில் இருப்பாள் என்று. அதை நினைத்து அவளே அழுகிறாள். அவள் இப்போது பீலிக்குப் போகும்போது அந்த வரிசைக்கிட்டே வந்ததும் இடது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொள்கிறாள். குடத்தைப் பிடித்த கை வலது கை, அது கிள்ள முடியாது. இத்தனை வயசில் தன் கையையே கட்டிக்கொண்டு நடக்கிறாள். அவளை நான் ஏச முடியுமா? உன்னை மட்டும் ஏசுகிறேன். பொடி செடிக்குள் போனால் என்ன ஆகும் என்று பார்க்கத் தெரிந்தவள் நீ. செடியிலிருந்து மனுஷனுக்குள் போனால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை என்கிறாய். நீ ஸ்கூலில் சோக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதை யார் பார்ப்பது? நானா, ராமையாவா? நீ போகாவிட்டால் அந்தத் தெரியாது இங்கேயே, இந்த லயத்திலேயே, சாந்தி வயிற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். நீ வாத்தியாரை முறைத்த முறைப்பு எங்கே போனது? விறைத்து நிற்பது நல்லதுதான், ஆனால் நீதானே சொன்னாய், சுவர் ரொம்ப விறைத்தால் அறை பெருக்காது என்று. மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு நிற்காதே. கொஞ்சம் இளகு.

இப்போது போத்தல் விஷயம். இதற்காகத்தான் முக்கியமாக எழுதச் சொன்னேன், மற்றதெல்லாம் பேச்சு.

நாங்கள் குடித்துவிட்டு நடமாடுவதைப் பார்த்து ராமையாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "குடிச்சவங்களே கல்லு மாதிரி இருக்கீங்க, என் லீக்ஸுக்கு என்ன வந்துடும்? அண்ணே, ஒரு மூடி" என்கிறான். அவன் லீக்ஸ் வெலிமடைச் சந்தைக்குப் போகும், அங்கிருந்து யார் யார் சட்டிக்கோ போகும். இவன் ஒரு நாள் நான் இல்லாத நேரம் வந்து எடுத்துவிடுவான் என்று பயம். மிச்சம் அரைப் போத்தல் இருக்கு. ஊற்றிவிட்டு வருவோம் என்று ஒரு நாள் காலையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் தண்ணி ஓடுகிற கானில் ஊற்றப் போனேன். கான் ஓடைக்குப் போகும், ஓடையில் கீழ் டிவிஷன் பெண்கள் குளிக்கிறார்கள். தேயிலைத் தூரில் ஊற்றலாம் என்று மலைக்கு ஏறினேன். அந்தச் செடியில் யார் கிள்ளுவார்கள், எந்த ஸ்டோருக்குப் போகும், எந்த ஊரில் எவள் வயிற்றுப் பிள்ளையோடு அதைக் குடிப்பாள்? புல்லில் ஊற்றினால் மாடு. அடுப்பில் காய்ச்சினால் தண்ணி போகும், பொடி சட்டியில் நிற்கும். புதைத்தால் மழைக்கு மேலே வரும். கடைசியில் சுடுகாட்டுக்கே போனேன், பாப்பா. அங்கேயும் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு கல்லறை மேல் உட்கார்ந்து யோசித்தேன். இவ்வளவு பெரிய மலை, இவ்வளவு பெரிய தோட்டம். கையளவு தண்ணி ஊற்ற ஒரு இடம் இல்லை. போன மாதிரியே திரும்பி வந்தேன். உங்க அண்ணி வாசலில் நின்று, "என்ன மாமா, ஊர்வலமா?" என்றது.

சாந்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். நீ என்ன எழுதணும் என்று அதைக் கேட்டேன். பேனாவைக் கடித்துக்கொண்டே சொன்னது: "பயமாத்தான் இருக்கு மாமா. புள்ளை உதைக்கிறப்ப எல்லாம், எண்ணிப் பார்க்கிறேன். ஆனா அது ஜப்பானுக்குப் போகணும். நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஏதாவதுன்னா, ஏன்னு கேட்க எனக்கு ஒரு ஆள் வேணும். ஒண்ணும் இல்லன்னாலும், ஏன் ஒண்ணும் இல்லன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்." அதை அப்படியே எழுதச் சொன்னேன். அது எழுதி முடிக்கிறதற்குள் நான் லயத்துக் கோடிக்குப் போய்விட்டு வந்தேன்.

பிளேனுக்கு முன்னால் ஒரு தடவை வா. வந்து முதலில் அண்ணி முன்னால் உட்கார். மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம், தெரியாது என்று போனில் சொன்னதை முகத்தைப் பார்த்துச் சொல். பிறகு அம்மா கையை முந்தானையிலிருந்து எடுத்துவிடு. பிறகு இந்தப் போத்தலை எங்கே ஊற்றுவது என்று எனக்குச் சொல். தெரிந்தால் இப்போதே ஊற்றிவிடுவோம். தெரியாது என்றால், தெரிந்துகொள்ளும்வரைக்கும் இதை நான் வைத்திருக்கிறேன், நீ போய்த் தெரிந்துகொண்டு வா. ஸ்டேஷனில் நான் நிற்பேன். ரயில் வருகிற சத்தம் கேட்கும் முன்பே நிற்பேன்.

ராமையாவுக்கு எட்டாத இடம் என்று போத்தலைச் சாமி படத்தட்டில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் உங்க அம்மா அதற்கும் ஒரு செவ்வந்திப் பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். அதனால் அங்கிருந்தும் எடுத்துவிட்டேன். இப்போது என் பழைய ஸ்டோர் கோட்டுப் பைக்குள் இருக்கு. உட்கார்ந்தால் இடுப்பில் இடிக்குது. அதனால்தான் நடந்துகொண்டே இருக்கிறேன்.

உன் அப்பா